ஏரி இருந்த பக்கம்

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக் கூடாது. இது எனக்கு 2015 டிசம்பரில்தான் தெரிந்தது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்து, இரண்டு நாள் அப்படியே நின்று, வடிந்த பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த தாத்தாவின் தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தால், கடிதங்கள், பத்திரங்கள், நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறி ஒரே கட்டியாக இருந்தன. பதறிப்போய் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அன்றைக்கு அடித்த கொஞ்ச வெயிலில் பரப்பிவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது தாள்கள் அப்பளம் போலச் சுருண்டு, தொட்ட இடத்தில் ஒடிந்தன. பழைய காகிதங்களோடு பழக்கமுள்ள நண்பர் ஒருவர் அப்புறம்தான் போனில் சொன்னார். நிழலில், ஃபேன் காற்றில், சில பக்கங்களுக்கு ஒன்றாக வெள்ளைத் தாளைச் செருகி, அது ஈரத்தை இழுத்ததும் எடுத்துவிட்டு வேறு தாள் வைத்து, இப்படியே நாள்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டுமாம். உடனே முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பூஞ்சை பிடிக்காது, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பரணில் ஒரு மஞ்சள் பையில் இருந்தவை மட்டும் தப்பின. தாத்தா படித்த பூகோளப் புத்தகம் ஒன்று, கணக்குப் புத்தகம் ஒன்று, சதர்ன் ரயில்வே டைம்டேபிள் இரண்டு, பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது வாங்கிய சர்டிபிகேட் ஒன்று. அவ்வளவுதான். தாத்தா என்றால் அம்மாவின் அப்பா, எழும்பூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். அந்தப் பையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தியிருக்கிறேன். பிரித்ததில்லை. பெட்டி போன துக்கத்தில்தான் பையைப் பிரித்தேன்.

முதலில் பூகோளப் புத்தகம். செங்கல்பட்டு ஜில்லாவைப் பற்றியது, நாலாம் வகுப்புக்கானது, அட்டையும் முன்பக்கங்களும் போய்விட்டன. அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் உலகப் படத்தைக் காட்ட மாட்டார்கள். பள்ளிக்கூடம், அதன் நாலு திசை, அப்புறம் ஊர், தாலுகா, ஜில்லா, ராஜதானி என்று காலடியிலிருந்து தொடங்கி வெளியே போவார்கள், அதனால் ஜில்லாவுக்கு ஒரு பூகோளம் தேவைப்பட்டது. சென்னைப் பட்டணம் தனி என்றாலும் அதை ஒட்டியிருந்த ஊர்களெல்லாம் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸே ரொம்ப காலம் சைதாப்பேட்டையில்தான் இருந்தது. இன்றைக்கு மெட்ரோவில் கண் மூடித் திறப்பதற்குள் கடந்து போகிற சைதாப்பேட்டை ஒரு ஜில்லாவுக்கே தலைநகரம் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

புத்தகத்தில் நீளமான பாடம் ஏரிகளைப் பற்றியது. ஜில்லாவில் வற்றாத ஆறு கிடையாது, பாலாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு எல்லாம் மழைக்கு ஓடிவிட்டு ஓய்ந்துபோகிறவை, ஆகையால் பயிர் ஏரியை நம்பியே இருக்கிறது என்று தொடங்குகிறது. மதுராந்தகம், செம்பரம்பாக்கம் என்று பெரிய ஏரிகளைச் சொல்லிவிட்டு, ஓர் ஏரிக்கு என்னென்ன உறுப்பு உண்டு என்று படம் போட்டுக் காட்டுகிறது. கரை, கரையில் இருக்கும் மதகு, மிஞ்சிய நீர் வெளியேறும் கலங்கல், தண்ணீர் தேங்கி நிற்கும் உள்வாய், ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த ஐந்து சொல்லும் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் புத்தகம் எதிர்பார்த்தது. நான் சென்னையில் பிறந்து வளர்ந்து, பொறியியல் படித்து, நாற்பது வயதில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் கலங்கல் என்ற சொல்லைக் கேள்விப்பட்டேன். அதே டிசம்பரில் டிவியில் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம், ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏரியின் பெயரும் தாத்தாவின் பாடத்தில் இருக்கிறது, பென்சிலால் அடிக்கோடு போட்டு.

பாடத்தின் கடைசியில் சைதாப்பேட்டை தாலுகா ஏரிகளின் பட்டியல் வருகிறது. அதில் ஒரு பெயர் மட்டும் பென்சிலால் அடிக்கப்பட்டிருக்கிறது. மாம்பலம் ஏரி. அடித்த கோட்டுக்குப் பக்கத்தில், ஓரத்தில், கொஞ்சம் கோணலான எழுத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. பென்சிலை அழுத்தி எழுதியதில் தாளின் மறுபக்கத்தில் எழுத்து புடைத்திருக்கிறது, விரலால் தடவினால் தெரியும்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்றால் தெரிவது வீடுகளும் மருந்துக் கடையும் தள்ளுவண்டியும்தான். ஆனால் பெயர் பொய் இல்லை. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டை வரைக்கும், மவுண்ட் ரோடுக்கு மேற்கே, பிறை மாதிரி வளைந்து கிடந்தது ஒரு பெரிய நீர்ப்பரப்பு. வடக்குப் பகுதி நுங்கம்பாக்கம் ஏரி, தெற்குப் பகுதி மாம்பலம் ஏரி, இரண்டையும் சேர்த்து வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். இன்றைய தி.நகர் அந்த ஏரியின் உள்வாய். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது, ஊர் பெருகிக்கொண்டிருந்தது, குடியிருக்க இடம் வேண்டும் என்று 1923 முதல் 1925 வரை ஏரியை வடித்து, மேடாக்கி, மனை பிரித்தார்கள். பிட்டி தியாகராயர் பெயரை ஊருக்கும், பனகல் ராஜா பெயரைப் பூங்காவுக்கும் வைத்தார்கள். தெருக்களின் பெயரைச் சும்மா படித்துக்கொண்டே நடந்தாலே அந்தக் காலம் முழுக்கத் தெரிந்துவிடும். டி.எம். நாயர் பெயரில் ஒரு சாலை, முகம்மது உஸ்மான் பெயரில் ஒரு சாலை, நடேச முதலியார் பெயரில் ஒரு பூங்கா, நடுவே மொலோனி, போக், பர்க்கிட் என்று துரைமார்கள். நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த வருடங்களில் பிறந்த ஊர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நுங்கம்பாக்கம் பக்கத்தில் மிஞ்சியிருந்த பகுதியும் பிறகு போனது, வள்ளுவர் கோட்டம் 1976-இல் எழும்பியது அந்த ஏரி இருந்த இடத்தில்தான். டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர் அங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் புத்தகங்களில் கிடைக்கிற விஷயம், சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பிடித்து உலுக்கியது அந்த 'இல்லை'. தாத்தா பிறந்தது 1916. நாலாம் வகுப்புப் படித்தது 1926 வாக்கில். புத்தகம் அச்சானபோது ஏரி இருந்தது. புத்தகம் அவர் கைக்கு வந்து சேருவதற்குள் ஏரி போய்விட்டது. வாத்தியார் எல்லாப் பிள்ளைகளையும் அடிக்கச் சொன்னாரா, இல்லை, தினமும் அந்தக் கரையில் ஓடியாடிய பையன் தானாகவே அடித்தானா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவிடம் காட்டினேன். "அப்பா இதைப் பத்திப் பேசினதே இல்லைடா. மழை பெய்ஞ்சா மட்டும் தூங்க மாட்டார். வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துப்பார்," என்றாள்.

கணக்குப் புத்தகத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம், ஆனால் விடவும் மனசில்லை. 12 பைசா ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று தொடங்கி, 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று பக்கம் பக்கமாக வாய்ப்பாடு. அதிலும் 12 பைசா என்பது 'பை', 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்த நயா பைசா இல்லை. ஒரு ரூபாயில் 192 பை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். அந்தப் புத்தகத்தின் கணக்குகளில் எல்லாம் சந்தைதான். நெல், எண்ணெய், புளி, துணி, வண்டிக் கூலி, கிணறு வெட்டும் ஆட்கள். எது எடைக்கு விற்றது, எது படிக்கு விற்றது, எதை எண்ணி விற்றார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பொருளாதார வரலாறு எழுதியவர்களைவிட இந்தக் கணக்கு வாத்தியார் நல்ல சாட்சி, ஏனென்றால் அவர் எதையும் சொல்ல வரவில்லை, பிள்ளைக்கு வகுத்தல் வந்தால் போதும் என்று நினைத்தவர்.

இப்போது டைம்டேபிள். எனக்குக் கையில் எடுக்கவே கொஞ்சம் பயமாக இருக்கிற பொருள் இதுதான்.

இரண்டும் 1960-களுடையவை, இங்கிலீஷில் அச்சானவை. சாணி நிறத்துக்கு வந்துவிட்ட காகிதம், பொடிப்பொடியான எண்கள். முதலாவது 1964-ஆம் வருடத்தது. எழும்பூரிலிருந்து கிளம்பும் போட் மெயில் பக்கத்தைத் திறந்தால், ஊர்கள் கீழே கீழே இறங்கிக்கொண்டே போய், மண்டபம் தாண்டி, கடல் தாண்டி, பாம்பன் ஜங்ஷன் வந்து, அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு. இன்னொன்று தனுஷ்கோடிக்கு. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கினால் கப்பல், கப்பலை விட்டு இறங்கினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து மெட்ராஸ்காரர்களுக்கு இலங்கை என்பது எழும்பூரில் டிக்கெட் வாங்கிப் போகிற ஊராக இருந்தது. இரண்டாவது டைம்டேபிள் அதற்கு அடுத்ததற்கு அடுத்த வருடத்தது. அதே பக்கம். பாம்பனுக்குப் பிறகு ராமேஸ்வரம் மட்டும். தனுஷ்கோடி என்ற வரி இல்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே போனது, பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டியை அலை அடித்துக்கொண்டு போனது, அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் விழுந்தன, அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரி செய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை. இதை நான் பள்ளியில் படித்திருக்கிறேன், அப்துல் கலாம் ஊர்ப் பக்கம் என்பதால் சுற்றுலாவாகவும் போய், இடிந்த ஸ்டேஷன் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். ஆனால் இரண்டு டைம்டேபிளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பக்கத்தைத் திறந்து, இங்கே இருக்கும் வரி அங்கே இல்லை என்று பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரங்கல் கிடையாது, கறுப்புக் கட்டம் கிடையாது. மற்ற ஊர்களின் நேரம் வழக்கம்போல அடுத்தடுத்து நிற்கிறது.

1964-ஆம் வருடத்து டைம்டேபிளில் தனுஷ்கோடியைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம். அதே அழுத்தமான பென்சில். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அப்பா இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை, வந்தபோது யாரோடும் பேசவில்லை, தலைமன்னாருக்குப் போக வேண்டிய பார்சல்கள் ஆபீஸில் மலை மாதிரி கிடக்கிறது என்று மட்டும் பாட்டியிடம் சொன்னார் என்கிறாள். பிறகு அந்தப் பார்சல்கள் யார் யாருக்குத் திரும்பிப் போயின என்று கேட்டேன். அவளுக்கு அது ஞாபகம் இல்லை.

டைம்டேபிள் என்றால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், மெட்ராஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம், பலருக்குத் தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம், அவரவர் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதை வைத்து. நடுவாக இருக்கட்டும் என்று ரயில்வே மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டது. அதைக் கணித்துச் சொன்னது நுங்கம்பாக்கம் வானிலை ஆராய்ச்சி மையம் இருக்கும் வளாகத்தில் 1792-இல் கட்டிய வானாய்வுக்கூடம். கட்டடம் போய்விட்டது, கருவி நின்ற கருங்கல் தூண் மட்டும் இருக்கிறது, அதில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது மெட்ராஸ் நேரம். இப்போதைய இந்திய நேரம் ஐந்தரை மணி. அதாவது இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று வந்தபோது நம் ஊர்க் கடிகாரங்களை 8 நிமிடம் 46 விநாடி தள்ளி வைத்தார்கள். அதனால் ரொம்பப் பழைய மெட்ராஸ் ஆவணம் ஒன்றில் மணி பார்த்தால் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். நான் இப்போதெல்லாம் கூட்டிக்கொள்கிறேன்.

தாம்பரம் லைனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் எலெக்ட்ரிக் ட்ரெயின் விட்டார்கள், மீட்டர் கேஜ் பாதையில். மாம்பலம், கோடம்பாக்கம் எல்லாம் குடித்தனக்காரர்களின் ஊராக ஆனதற்கு அந்த வண்டி முக்கியமான காரணம். ஏரி மனையாகிச் சில வருடத்துக்குள் வாசலுக்கு மின்சார வண்டி வந்தால் யார்தான் வரமாட்டார்கள். 2004 ஜூலையோடு மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் வண்டி நின்றது. அந்த வண்டியில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அதன் டைம்டேபிள் ஒன்றுகூட நான் எடுத்து வைக்கவில்லை, அது மனசை உறுத்துகிறது.

சரி, பள்ளிக்கூட ரிஜிஸ்டருக்கு வருகிறேன். அம்மாவின் பென்ஷன் காகிதத்தில் பிறந்த தேதி மாறியிருந்தது, திருத்துவதற்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் கேட்டார்கள். அவள் படித்த பள்ளிக்குப் போனோம். பழைய பதிவேடு எதுவும் இல்லை, வெள்ளை அடிக்கும்போது எல்லாவற்றையும் ஒதுக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். எங்கே ஒதுக்கினீர்கள் என்று கேட்டேன். பின்னால் இருந்த கொட்டகையைக் காட்டினார்கள். கரையான் புற்று, அதற்கு நடுவே காலிகோ அட்டை ஒன்று. நூறு வருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்து போன பெயர்களெல்லாம் மண்ணாகிக் கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது, அங்கே இருந்தவர்கள் மேல் கோபப்பட்டும் பயனில்லை, அவர்களுக்கு அது அலமாரியை அடைக்கிற குப்பை என்றுதான் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா வெளியே வந்து வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் பிரமாணப் பத்திரம் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் தாத்தா படித்த பள்ளி ஞாபகம் வந்து, அவருடைய சர்டிபிகேட்டில் இருந்த சேர்க்கை எண்ணைக் குறித்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த தலைமையாசிரியை, "1922-ஆ? இருக்கும் சார், இருந்து பாருங்க," என்று சொல்லி, தானே ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தூசி தட்டத் துணியும் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு நான் பட்ட நன்றி கொஞ்சநஞ்சமில்லை.

சேர்க்கைப் பதிவேட்டில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள். சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, தகப்பனார் அல்லது பாதுகாவலர் பெயர், அவர் தொழில், ஜாதி, குடியிருக்கும் இடம், சேர்ந்த வகுப்பு, முன்பு படித்த பள்ளி, விலகிய தேதி, விலகிய காரணம். அவ்வளவும் ஒரே வரியில், இரண்டு பக்கத்துக்கும் நீண்டு. தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனேன். பயிர், பயிர், கூலி, வண்டிக்காரர், பயிர், வண்ணார், பயிர், செங்கல் சூளை, கிளார்க்கு. சில வருடங்கள் தள்ளிப் புரட்டினால் கிளார்க்கு, கிளார்க்கு, பியூன், மேஸ்திரி, கிளார்க்கு, பயிர், வக்கீல் குமாஸ்தா. வயலெல்லாம் மனையான கதையை எந்தப் பேராசிரியரும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பிறந்த தேதிக் கட்டத்தில் பாதிப் பேருக்கு ஜூலை 1. தேதி தெரியாத பிள்ளையை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி அது. விலகிய காரணம் என்ற கட்டத்தை என்னால் ரொம்ப நேரம் படிக்க முடியவில்லை. வறுமை என்றும் வேலைக்குப் போனான் என்றும் காலமானான் என்றும் ஒரே சீரான கையெழுத்தில் வருகிறது.

இந்த மாதிரி எண்கள் என்ன செய்யும் என்பதற்கு நகரத்தின் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1920-இல், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானம் சிற்றுண்டி கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. சாப்பாடு போட்ட பள்ளிகளில் 1922-23-இல் 811 பிள்ளைகள், 1924-25-இல் 1671 பிள்ளைகள். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்ய அரசாங்கம் ஒப்புக்கொள்ளாததால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது, இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்ப வந்தது. பின்னால் காமராஜர், எம்.ஜி.ஆர். காலத்தில் நாடே பார்த்த திட்டத்துக்கு இதுதான் விதை. பிள்ளைகள் பசியால்தான் வரவில்லை என்பதைச் சொன்னது யாருடைய மேடைப் பேச்சும் இல்லை, இதே மாதிரி காலிகோ அட்டைப் பதிவேடுகளில் வாத்தியார்கள் தினமும் போட்ட வருகைக் கோடுகள்.

எழும்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் காந்தி இர்வின் சாலையில் ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் தெரியும். 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸாகத் தொடங்கி இப்போது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று இருப்பது. கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து, 1670-களின் ஆவணங்களிலிருந்து அங்கே இருக்கின்றன. தாத்தா முப்பது வருடத்துக்கு மேல் அதற்கு எதிரே வேலை பார்த்தார். நானும் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உள்ளே போக யாருக்கோ அனுமதி வேண்டும், பேராசிரியர்களுக்கான இடம் என்று நினைத்திருந்தேன். முறையாக விண்ணப்பித்து, என்ன பார்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் நம்மைப் போன்றவர்களும் உட்கார்ந்து படிக்கலாம். முதல் நாள் எனக்கு எதுவும் புரியவில்லை. நிலம் சம்பந்தமான காகிதத்தில் 1333 என்று ஓர் எண் திரும்பத் திரும்ப வந்தது, சர்வே எண் என்று நினைத்து அரை நாள் வீணாக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அது பசலி. 590 கூட்டிக்கோ," என்றார். கூட்டினால் 1923. ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை வருடம். ஏரியை வடிக்கத் தொடங்கிய அதே வருடம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அங்கே தவிர கன்னிமாரா நூலகம் இருக்கிறது, 1896-இல் திறந்தது, இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேர வேண்டிய இடங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, கோட்டையூரில் ஒரு தனி மனிதர் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு வரைக்கும் எதையும் விடாமல் சேர்த்த சேகரம்தான் அதற்கு அடித்தளம். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய பாடப் புத்தகங்கள் நிறையவே ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள்.

இருந்தாலும் பாடப் புத்தகமும் டைம்டேபிளும் மற்ற புத்தகங்களைவிடச் சீக்கிரம் அழிகிற ஜாதி. பாடப் புத்தகம் பாதி விலைக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த பிள்ளைக்கு, கடைசியில் கடலை மடிக்க. டைம்டேபிள் புதிது வந்ததும் பழையது எடைக்கு. இருந்தவற்றில் கொஞ்சம் மூர் மார்க்கெட்டில் கிடைத்துக்கொண்டிருந்தது, 1985-இல் அதுவும் எரிந்தது. இப்போது மிச்சமிருப்பது வீடுகளில், பரண்களில், மஞ்சள் பைகளில். அப்பா, தாத்தா போன பிறகு வீட்டைக் காலி பண்ணுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் போனில் படமாவது எடுத்துவிடுங்கள், ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கும் பக்கங்களை மட்டுமாவது.

நான் தாத்தாவின் பள்ளிப் பதிவேடுகளைச் சனிக்கிழமைகளில் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியை ஒரு மேசையும் ஜன்னலோரமும் ஒதுக்கித் தந்திருக்கிறார். மூன்று முடிந்தது, நாலு பாக்கி. தாத்தாவின் வரியை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். 1922, ஒன்றாம் வகுப்பு, பிறந்த தேதி 1-7-1916, தகப்பனார் தொழில் பயிர். குடியிருக்கும் இடம் என்ற கட்டத்தில் 'ஏரிக்கரை' என்று ஒரே சொல். மேலேயும் கீழேயும் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு அதே சொல். போன சனிக்கிழமை மூன்றாவது பதிவேட்டில் தாத்தாவின் கடைசித் தம்பி சேர்ந்த வரி கிடைத்தது, 1929. தகப்பனார் பெயர் அதே பெயர், வீடு அதே வீடு, அந்த வீட்டில்தான் இப்போது நான் இருக்கிறேன். தொழில் கட்டத்தில் மேஸ்திரி. இடம் என்ற கட்டத்தில் கதவு எண்ணும் தெருப் பெயரும்.